டேக் பெட்டியும் சில டகால்டிகளும்

முதலிலேயே சொல்லிடறேன், இந்தப் பதிவு சில பேருக்குப் பிடிக்காது. அம்பதாயிரம், எம்பதாயிரம்னு கொட்டி டேக் வாங்கியவர்களுக்குப் பிடிக்காது. வாங்கலாமா என்று பணத்தை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒருவேளை பிடிக்கலாம். விற்கிறவர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பரவாயில்லை. ரொம்ப நாளா தொண்டையில மாட்டிக்கிட்டிருந்த முள்ளு, இன்னிக்குத் துப்பிடறேன்.

புதுசா வர்றவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். டேக் என்றால் டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர். கம்ப்யூட்டரிலோ போனிலோ இருக்கிற பாட்டு வெறும் எண்கள். ஸ்பீக்கருக்கு எண் புரியாது, ஏறி இறங்குகிற மின்னழுத்தம்தான் புரியும். எண்ணை மின்னழுத்தமாக மாற்றிக் கொடுக்கிற வேலை டேக்குடையது. உங்க போன், லேப்டாப், டிவி, சிடி பிளேயர் எல்லாத்துக்குள்ளயும் இந்த வேலையைப் பார்க்க ஏதோ ஒண்ணு ஏற்கனவே உட்கார்ந்திருக்கு. அதைத் தனிப் பெட்டியாக வாங்குவதைப் பற்றித்தான் பேச்சு.

என் கட்சி இதுதான்: வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற மனுஷனுக்கு டேக் என்பது தீர்ந்துபோன பிரச்சினை. சில ஆயிரத்துக்குள் முடியவேண்டிய கதை. அதுக்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் ஸ்பீக்கருக்கும் அறைக்கும் போயிருக்க வேண்டிய ரூபாய். வாங்கின டேக்கை ஒழுங்காக இணைக்கிற வித்தை காசு செலவில்லாதது. அதனாலதான் அதை யாரும் சொல்லித் தர்றதில்லை.

கொஞ்சம் சரித்திரம். 1982 அக்டோபர் 1-ஆம் தேதி ஜப்பானில் சோனி சிடிபி-101 என்ற முதல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். அப்போ 16 பிட்டைச் சரியாக அனலாக் ஆக்குவது நிஜமாகவே கஷ்டமான காரியம். சிடியைக் கண்டுபிடித்ததில் பங்காளியான பிலிப்ஸே 14 பிட் சிப்பை வைத்துக்கொண்டு, நாலு மடங்கு ஓவர்சாம்ப்ளிங் என்ற உத்தியால்தான் சமாளித்தது. அந்தக் காலத்தில் டேக்குக்குக் காசு கொடுத்தது நியாயம்.

இன்னிக்கு? சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற போர்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிசிஎம் 5102 சிப்பு இருக்கு. சிப்பின் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 112 டெசிபெல் என்று அந்தக் கம்பெனியின் தாளே சொல்கிறது. சிடியில் இருக்கிற 16 பிட்டுக்கு அதிகபட்சம் 96, 98 டெசிபெல்தான். சிப்புக்கு எழுதியிருப்பது அப்படியே போர்டிலும் வந்துவிடாது, பவர் சப்ளை மோசமாக இருந்தால் கெடும், ஒப்புக்கிறேன். அதனால் மொட்டைப் போர்டை வாங்கச் சொல்லவில்லை. ஆனால் பிரச்சினை எவ்வளவு மலிவாகிவிட்டது என்று பாருங்கள்.

இன்னொரு உதாரணம். 2018-ல் ஆப்பிள் 9 டாலருக்கு ஒரு யூஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டர் விட்டது. குட்டி வால் மாதிரி இருக்கும். அதுக்குள்ள ஒரு முழு டேக், ஒரு சின்ன ஆம்ப். அளந்து பார்த்தவர்கள் இரைச்சலும் டிஸ்டார்ஷனும் சேர்ந்தே சிக்னலுக்குக் கிட்டத்தட்ட 99 டெசிபெல் கீழே இருக்குன்னு சொன்னாங்க. சிடி தேவைப்படுவது அவ்வளவுதான். (குறை இல்லாமல் இல்லை. சில ஆண்ட்ராய்டு போன்களில் சொருகினால் சத்தம் பாதிக்கு மேல ஏறாது. ஐரோப்பாவில் விற்கிற மாடலில் வோல்ட்டேஜும் பாதி.)

இந்த இடத்தில் "120 டெசிபெல், 125 டெசிபெல்" என்று விளம்பரம் காட்டி ஒருத்தர் வருவார். வாங்க சார், உட்காருங்க. மேல பாருங்க, சீலிங் ஃபேன் நாலுல ஓடுது. ஃபேன் ஓடுகிற அறையில் 40 டெசிபெலுக்கு மேல் இரைச்சல் சர்வ சாதாரணம். வெளியில் ஆட்டோ, பக்கத்து வீட்டு குக்கர். இந்த அறையில் 99-க்கும் 125-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கிறவர் காது எதுவோ, அவர் பேட் மேன் ஆகத்தான் இருக்கணும் :-)

"அதெல்லாம் நம்பர் சார், காதுல கேட்டாத்தான் தெரியும்." இதுதான் அடுத்த பாட்டு. சரி, காதுக்கே வருவோம்.

2007-ல் மேயர், மோரன் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்து ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார்கள். உயர்தர எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ இசை ஒரு பக்கம். அதே இசையை நடுவில் ஒரு சிடி ரெக்கார்டர் வழியாகத் திருப்பி, அனலாக்கை 16 பிட் டிஜிட்டலாக்கி, மறுபடி அனலாக்காக்கி விட்டது இன்னொரு பக்கம். அதாவது பாதையில் கூடுதலாக ஒரு டேக்கையே நுழைச்சுட்டாங்க. எது எதுன்னு சொல்லணும். மொத்தம் 554 முறை. சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டாலும் இதே கணக்குதான் வரும்.

எதிர்க்கட்சி சாட்சியையும் மறைக்க மாட்டேன். 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் இப்படிப்பட்ட 18 சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார். உயர்தர ஆடியோவைச் சரியாகக் கண்டுபிடித்த பதில்கள் 52.3 சதவீதம் என்று வந்தது. பயிற்சி கொடுத்தவர்களிடம் அதைவிடக் கணிசமாக அதிகம். வித்தியாசம் இருக்கு, ஆனா எவ்வளவு? நூற்றுக்கு அம்பத்திரண்டு. விற்பனையாளர் சொல்ற "திரை விலகின மாதிரி", "பாடகர் எதிரில் வந்து நின்ன மாதிரி" எல்லாம் அம்பத்திரண்டில் எந்த மூலையில் இருக்குன்னு நீங்களே தேடிப் பாருங்க.

இன்னும் ஒரு கூத்து. அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்று எல்பி ரெக்கார்டு போடுகிற கம்பெனி. ஒரு பதிப்பு 125 டாலர் வரை. அனலாக் டேப்பிலிருந்து நேராகத் தட்டில் ஏறுகிறது, டிஜிட்டல் வாடையே கிடையாது என்று நம்பித்தான் ரசிகர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். "டிஜிட்டலா இருந்தா எனக்கு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும்" என்கிற பேர்வழிகள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். 2022-ல் குட்டு உடைஞ்சுது: 2011-லிருந்தே பல ரெக்கார்டுகளில் நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்திருக்கு. பதினோரு வருஷம் ஒரு காதும் கண்டுபிடிக்கல!

நம்ம ஊர்ல ஒரு பழைய கதை உண்டு. ஊருக்கு வந்த சாமியார் ஒருத்தர், "இதோ கடவுள் நிக்கிறார் பாருங்க, ஆனா பெண்டாட்டி பத்தினியா இருக்கிறவன் கண்ணுக்குத்தான் தெரிவார்" என்பார். கூட்டத்தில் ஒருத்தன் விடாமல் "ஆமாமா, தெரியறார் தெரியறார்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வான். டேக் வியாபாரம் இந்தச் சாமியார் வியாபாரம்தான். "கேக்கலியா? உங்க காது இன்னும் பக்குவப்படல." முடிஞ்சுது. பணமும் போச்சு, மானமும் போச்சு.

எனக்குக் கோபம் வருவது அந்த மானம் போகிற இடத்தில்தான்.

எங்க தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருத்தர் இருக்கார். எல்லாருக்கும் சார்தான். பழைய பாட்டு என்றால் உயிர். எது எந்தப் படம், யார் இசை, இடையில் வர்ற வயலின் எத்தனை பேர் வாசிச்சது என்று பேசிக்கிட்டே இருப்பார். அவரிடம் ஒரு கடையில், "ஆம்ப் ஓகே, ஸ்பீக்கர் ஓகே, டேக் ஒண்ணுதான் குறை" என்று சொல்லி 48 ஆயிரத்துக்கு ஒரு பெட்டியைத் தலையில் கட்டிட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒருநாள் மெதுவா என்னிடம் கேட்டார், "தம்பி, எனக்கு வயசாயிடுச்சு போல. எல்லாரும் சொல்ற வித்தியாசம் எனக்குக் கேக்கவே மாட்டேங்குது. காது டாக்டர்கிட்ட காட்டலாமா?"

அவர் வீட்டுக்குப் போனேன். பழைய 900 ரூபாய் டாங்கிள் ஒண்ணும், அந்த 48 ஆயிரமும் பக்கத்தில் பக்கத்தில். முதல் வேலை, இரண்டின் சத்தத்தையும் சமமாக்குவது. இது முக்கியம். கொஞ்சம் சத்தம் கூட இருக்கிறதை நம்ம காது "தரம் கூட" என்று எடுத்துக்கொள்ளும். கடைக்காரர்களுக்கு இது நல்லாவே தெரியும். ஒரு 300 ஹெர்ட்ஸ் டோனை ஓட விட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டும் ஒரே வோல்ட் வரும்வரை சரிசெய்தேன். அப்புறம் அம்மா காசைச் சுண்டி, தலை விழுந்தா இது, பூ விழுந்தா அது என்று மாத்தி மாத்திப் போட்டாங்க. சார் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். 16 தடவையில் 9 சரி.

"அப்போ என் காது?" என்றார் சார். அதுக்குள்ள அவரே இன்னொண்ணு சொன்னார்: "ஆனா தம்பி, இடது பக்கம் தாளம் கொஞ்சம் அமுங்கிக் கேக்குதே, அது எப்பவும் அப்படித்தானா?" போய்ப் பார்த்தால் இடது ஸ்பீக்கரின் பாதி முகம் பீரோவுக்குப் பின்னால். இழுத்து வெளியில் வைத்து, ரெண்டையும் அவர் நாற்காலியை நோக்கிக் கொஞ்சம் திருப்பினோம். இதுக்குக் கண்ணை மூடவும் வேண்டியிருக்கல, காசு சுண்டவும் வேண்டியிருக்கல. அந்தக் காதுக்கு ஒரு குறையும் இல்லை சாமி. குறை விற்றவன் வாயில். பெட்டியைக் கடை திருப்பி எடுத்துக்கல என்பது தனிக்கதை.

காசு எங்கே போகணும் என்பதற்கும் இதுலயே பதில் இருக்கு. நல்லபடியாகச் செய்த மலிவு டேக் ஒன்று 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை அரை டெசிபெல் கூட ஆடாது. நடுத்தர ஸ்பீக்கருக்குக் கம்பெனியே கூட்டிக் குறைத்து 3 டெசிபெல் என்று எழுதிக் கொடுக்கும். உங்க அறையோ, கீழ்ஸ்தாயியில் 10 டெசிபெல் மேடும் பள்ளமுமாக அடிக்கும். சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல். நடுவில் நின்று ஒரு தடவை கையைத் தட்டிப் பாருங்க, டங்ங் என்று நீளுதா? அதுக்குத் தடிமனான திரையும், கீழே ஒரு ஜமக்காளமும், புத்தக அலமாரியும் செய்யறதை எந்த டேக்கும் செய்யாது.

டேக் பெட்டியில் எரிகிற விளக்குகளுக்காகவும் காசு கொடுக்காதீங்க. எம்க்யூஏ ஞாபகம் இருக்கா? 2014-ல் பெரிய புரட்சி என்று அறிமுகமானது. முழுப் பலன் வேணும்னா எம்க்யூஏ விளக்கு எரியற டேக் வேணும்னாங்க. 2023 ஏப்ரலில் அந்தக் கம்பெனி திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2024 ஜூலையில் டைடல் அதைக் கைவிட்டு சாதாரண ஃபிளாக்குக்கு மாறியது. விளக்குக்குக் காசு கொடுத்தவன் கையில் பெட்டி மட்டும் மிச்சம்.

அதே மாதிரி சிப்புப் பெயர் ஜாதகமும் வேண்டாம். 2020 அக்டோபரில் ஜப்பானில் ஏகேஎம் தொழிற்சாலை தீப்பிடித்ததும், பல தயாரிப்பாளர்கள் பேசாமல் வேற சிப்புக்கு மாறிட்டாங்க. அதுவரை "ஏகேஎம் வெல்வெட் மாதிரி" என்று பாடியவர்கள் அடுத்த மாதமே வேற ராகம் பாடினார்கள். ஓவர்சாம்ப்ளிங் இல்லாத, "அனலாக் மாதிரி இனிமை" டேக்குகளும் இருக்கு. சிடி தரத்தில் அவை 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபெல் குறைக்கும். பிடிச்சா கேளுங்க, தப்பில்லை. ஆனா அது டிரெபிள் குமிழைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்புவதுதான், அதுக்கு லட்சம் எதுக்கு?

"அப்போ எல்லா டேக்கும் ஒண்ணுதானா?" இல்லை, அப்படிச் சொல்லல. மோசமானவை உண்டு. இயர்போன் மாட்டினால் ஸ்ஸ்ஸ் என்று இரைகிறவை, மௌஸ் நகர்த்தினால் கிர்கிர்ருகிற லேப்டாப் சாக்கெட்டுகள், ஆம்ப்பை ஓட்ட வோல்ட் போதாதவை. வாங்கும்போது இதை மட்டும் பாருங்க, போதும்:

1. உங்களிடம் இருக்கிற சாதனத்துக்கு ஏத்த வாய் இருக்கா? லேப்டாப், போன் என்றால் யூஎஸ்பி. டிவி என்றால் ஆப்டிக்கல். பழைய சிடி பிளேயர் என்றால் கோஆக்சியல்.

2. வெளியே வர்றது சுமார் 2 வோல்ட்டா? சிடி பிளேயர் காலத்திலிருந்து ஆம்ப்கள் எதிர்பார்ப்பது அதைத்தான்.

3. பவர்டு ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோ மாட்டப் போறீங்கன்னா வால்யூம் குமிழ் வேணும். ஆம்ப்பில் மாட்டினால் வேண்டாம்.

4. பிடிக்கலன்னா திருப்பி எடுத்துப்பாங்களா? சிப்புப் பெயரை விட இது முக்கியம்.

அவ்வளவுதான் ஜாதகம். இனி இணைப்பு.

1. டிவி ஆப்டிக்கலில் மாட்டி "டேக் செத்துப்போச்சு" என்று புலம்புகிறவர்கள் ஏராளம். சாகல. டிவியின் சவுண்ட் அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட் "டால்பி" அல்லது "பிட்ஸ்ட்ரீம்" என்று இருக்கும். அதை பிசிஎம் ஆக்குங்க. சாதாரண ஸ்டீரியோ டேக்குக்கு டால்பி பாஷை தெரியாது. ஆப்டிக்கல் வயரின் முனையில் இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழட்டவும் மறக்க வேண்டாம்.

2. கோஆக்சியல் சாக்கெட்டும் சாதாரண ஆடியோ சாக்கெட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். டிஜிட்டல் அவுட்டைக் கொண்டுபோய் ஆம்ப்பின் ஆடியோ இன்னில் சொருகினால் பாட்டு வராது.

3. டேக்கிலிருந்து ஆம்ப்புக்கு ஆக்ஸ், சிடி, லைன் எதில் வேண்டுமானாலும் போடுங்க. ஃபோனோ என்று எழுதின ஓட்டையில் மட்டும் போடாதீங்க. ரெக்கார்டு பிளேயரின் மெல்லிய சிக்னலை நூறு மடங்கு ஊதிப் பெருக்குவதற்கான ஓட்டை அது. கர்ணகொடூரமாகக் கத்தும்.

4. கம்ப்யூட்டரில் வால்யூமை முழுசா வச்சுட்டு, ஆம்ப் குமிழில் கூட்டிக் குறையுங்க. முதல் தடவை ஆம்ப்பைப் பூஜ்யத்தில் வைத்து ஆரம்பிங்க. பக்கத்து வீட்டுக்காரர் நல்லவரா இருந்தாலும் :-)

5. விண்டோஸில் சவுண்ட் அமைப்புக்குப் போய் 24 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் போதும். 384 என்று பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் பாட்டில் இல்லாத தகவல் வானத்திலிருந்து வராது. விண்டோஸ் 10-இன் 2017 பதிப்பிலிருந்து பெரும்பாலான யூஎஸ்பி டேக்குகளுக்குத் தனி டிரைவரும் வேண்டாம்.

6. உம்ம்ம் என்று ஹம் வருதா? டேக் மேல பழி போடும் முன்னாடி லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க. அடுத்து டிவியிலிருந்து கேபிள் கனெக்‌ஷனின் வயரைக் கழட்டிப் பாருங்க. நின்னுடுச்சா? அது கிரவுண்ட் லூப். இரண்டு சாதனம் இரண்டு வழியில் எர்த்தைத் தொடுவதால் நம்ம கரண்டின் 50 ஹெர்ட்ஸ் உள்ளே புகுந்திருக்கு. எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்க. போகலன்னா ஆப்டிக்கலுக்கு மாறுங்க, ஒளியில் கரண்டு ஏறி வராது. மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடிச்சா ஹம் போயிடும் என்று எவனாவது சொன்னால் அவனை வாசலோடு அனுப்பிடுங்க. ஹம் போகும், கூடவே உயிரும் போகலாம்.

இந்த ஆறில் ஒன்றுக்குக் கூட பில் போட முடியாது. அதனாலதான் கடையில் இதைச் சொல்லித் தராமல், "டேக்கை மாத்துங்க சார்" என்கிறார்கள்.

பணம் நிறைய இருக்கு, அலுமினியப் பெட்டி அழகா இருக்கு, வாங்கணும்போல இருக்கு என்றால் தாராளமா வாங்குங்க. வாட்ச் வாங்கற மாதிரி அதுவும் ஒரு ஆசை. ஆனால் மாசச் சம்பளத்தில் பாட்டுக் கேட்கிறவனைப் பார்த்து "உன் காது பத்தாது" என்று சொல்கிற உரிமை யாருக்கும் கிடையாது. டீக்கடை ரேடியோவிலும், தேய்ஞ்ச கேசட்டிலும் கேட்டு, ஒரு பாட்டின் உயிரை எட்டிப் பிடிச்ச காதுகள் நம்முடையவை. அதுக்கு எவன் சர்டிபிகேட்டும் வேண்டாம்.

கொசுறு: "யூஎஸ்பி கேபிளை மாத்தினா குரல் இனிமையாகும், 12 ஆயிரம்தான்" என்கிறார்களே, அது? கேபிளில் போவது எண். எண் கெட்டால் டப்பென்று ஒரு சத்தம், அல்லது ஒரு நொடி மௌனம். பாடகர் குரலில் மட்டும் பார்த்துத் தேன் தடவுகிற புத்தி அந்தக் கம்பிக்குக் கிடையாது. பிரிண்டரோடு வந்த கேபிள் வீட்டில் சும்மாதானே கிடக்கு? அதைச் சொருகுங்க.